எச்சரிக்கை வந்த பிறகு எங்கே போவது?

2014 ஒக்டோபர் 29. காலை ஏழரை மணி சுமாருக்கு, இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஆனாலும் லயன்களில் குடும்பங்கள் இருந்தன. செயற்கை நுண்ணறிவு தேயிலைத் தோட்டத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இன்றைய மண்சரிவு எச்சரிக்கை மழையின் அளவை வைத்து வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவு பழைய சரிவுகளைப் படிக்கும். எந்த மண், எவ்வளவு சாய்வு, எத்தனை நாள் மழை என்று சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு மலைக்கும் தனியாகக் கணிக்கப் பழகும். ஆனால் பதிவில் இருப்பதை மட்டுமே அது படிக்கும். லயனுக்குப் பின்னால் நிலம் வெடித்ததையும் பீலித் தண்ணீர் கலங்கி வந்ததையும் முதலில் பார்ப்பவர், விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா. அவர் தமிழில் சொல்வது அந்தப் பதிவில் ஏற வேண்டும். எச்சரிக்கையும் தமிழிலேயே அவர் கைபேசிக்கு வர வேண்டும்.

வேலை விஷயத்திலும் தொழிலாளியின் சொல் ஏற வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளில் கமெரா வைத்துக் குச்சியைப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் வந்து பல காலமாகிறது. கையால் பொறுக்கிய பெண்களின் வேலை அதனால் குறைந்தது. கொழுந்துக் கணக்கு முழுவதும் இயந்திரத்திடம் போனால், கிலோ குறைந்து, அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழும் நாளில் யாரிடம் நியாயம் கேட்பது? கணக்கப்பிள்ளையிடம் நின்று வாதாடலாம். இயந்திரக் கணக்கையும் அப்படிக் கேள்வி கேட்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் வேண்டும்.

மலைக்குத் திரும்புகிறேன். நாளை ஒரு கருவி ஆறு மணி நேரம் முன்பே சொல்லிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஓட நேரம் கிடைக்கும். ஓடியவர்கள் மறுநாள் எங்கே குடியிருப்பது? தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலோர் கையில் காணி உறுதி இல்லை. மீரியபெத்தயில் உயிர் தப்பிய குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டன. அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட 2016 ஆகிவிட்டது.