பூவும் இருக்கட்டும், கீரையும் இருக்கட்டும்



போன மழை விட்ட நேரம் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். ஒரு காம்பரா வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். டேலியா, ரோசா, ஜெரேனியம், கொத்துக் கொத்தாக நீலமாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா. அவ்வளவு அழகு. ஆனால் அந்த வீட்டு அம்மாவின் முகத்தில் சந்தோசம் இல்லை. மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று சொல்லி, கீரை நிறையச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

“லொறியில வர்ற கீரைய தெனமும் வாங்கக் கட்டுமா ஐயா? இந்தப் பூச்செடியெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு கீரை போடவா?” என்று கேட்டார்.

“புடுங்க வேணாம்மா. எது எங்க நிக்கணும்னு பார்ப்போம்” என்றேன். அன்று அந்த வாசலில் பேசியதைத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

அந்த அம்மாவின் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்ததற்குக் காரணம் மண். புளிப்பான மண்ணில் அந்தப் பூ நீலமாக வரும். புளிப்புக் குறைந்த மண்ணில் ரோஸ் நிறமாக வரும். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மரக்கறிக்கும் கீரைக்கும் அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால்தான் சிலர், “நான் போட்டா கீரை மஞ்சளடிச்சுப் போகுது, எனக்குக் கைராசி இல்லை” என்கிறார்கள். குறை கையில் இல்லை, மண்ணில்.

இதற்கு மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பல் புளிப்பைக் குறைக்கும். நாலடிக்கு நாலடி பாத்திக்கு இரண்டு மூன்று கைப்பிடி போதும். மக்கிய இலைகுழை, மாட்டெருவோடு சேர்த்துக் கொத்திவிட்டு, இரண்டு கிழமை கழித்து நடுங்கள். அளவுக்கு மிஞ்சிக் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். ஹைட்ரேஞ்சியா நிற்கும் இடத்திலும் சாம்பல் போடாதீர்கள், நீலம் போய்விடும்!

உங்கள் தோட்டம் எந்த உயரம்?

அடுத்த தோட்டத்தில் நன்றாக வருகிற செடி நம் தோட்டத்திலும் வரும் என்று சொல்ல முடியாது. 4000 அடிக்கு மேலே குளிர் அதிகம். அங்கே முருங்கை நட்டால் ஏமாற்றம்தான். லீக்ஸ், கோவா, நோக்கோல், பீட்ரூட், போஞ்சி, சவ்சவ், மரத்தக்காளி ஆகியவை நன்றாக வரும். பீட்ரூட், நோக்கோல் இலைகளை வீசாதீர்கள், அவையும் நல்ல கீரைதான். கீழே போகப் போக முருங்கை, அகத்தி, கருவேப்பிலை, பப்பாசி வைக்கலாம். வல்லாரையும் பொன்னாங்காணியும் மேலேயும் வரும், கீழேயும் வரும்.

மழையும் ஒரே மாதிரி இல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலை மழை இளம் நாற்றை அடித்துக் கொண்டு போய்விடும். அது குறைந்த பிறகு நடுங்கள். பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் அந்த மாதங்களில் வரண்ட காற்று. அங்கே ஒக்டோபர் மழையோடு தொடங்குவது நல்லது.

எதை எங்கே வைப்பது?

அடுப்படிக்குப் பக்கத்தில் ஈரமான இடம் கீரைக்கு. பொன்னாங்காணித் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டால் ஐந்து ஆறு கிழமையில் முதல் கீரை எடுக்கலாம். குளிரான இடத்தில் கொஞ்சம் கூடப் போகும். வேரோடு பிடுங்காமல் வெட்டி எடுத்தால் திரும்பத் திரும்பத் தழைக்கும். ஆனால் கக்கூஸ் தண்ணி, லயத்துக் கான் தண்ணி ஓடுகிற இடத்தில் கீரை வளர்க்காதீர்கள். அது வயிற்றோட்டத்தைக் கொண்டு வரும்.

வேலி ஓரம் சவ்சவ்வுக்கு. முளைவிட்ட ஒரு முழுக் காயை, முளை வெளியே தெரியும்படி சாய்த்துப் புதைத்தால் போதும். பந்தல் பலமாக இருக்கட்டும். காயும் கறிக்கு, இளங்கொழுந்தும் சுண்டலுக்கு ஆகும்.

காற்று மறைவில், தண்ணி தேங்காத இடத்தில் ஒரு மரத்தக்காளி. ஒன்றரை, இரண்டு வருசத்தில் காய்க்கும். சரிவு நிலமானால் பாத்தியைக் குறுக்காகப் போடுங்கள், ஓரத்தில் சேரைப்புல் வையுங்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை மட்டும் வெட்டாதீர்கள்.

வாசலில் பூ இருக்கட்டும். சாமிக்கு ஒரு செவ்வந்தி, பிள்ளைகள் தலைக்கு ஒரு ரோசா வேணும்தானே? நாள் பூராவும் மலையில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு பூ பார்ப்பதும் ஒரு ஆறுதல்.

வீட்டருகில் வேண்டாத செடிகள்

அந்த வாசலில் நான் வெட்டச் சொன்னது ஒரே ஒரு செடியைத்தான். மணி போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தம்பூச் செடி. வாசம் நல்லா இருக்கும். ஆனால் பூ, இலை, விதை எல்லாமே விசம். அரளியும் மஞ்சள் அலரியும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். பிள்ளை தின்றுவிட்டால் உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். செடியில் ஒரு கிளையையும் கையோடு கொண்டு போங்கள். ஹைட்ரேஞ்சியாவையும் பிள்ளைகள் கடிக்கக் கூடாது.

மருந்து வந்த கேனில் செடி நடவோ தண்ணி ஊற்றவோ வேண்டாம்.

கீரையும் தேத்தண்ணியும்

நாம் தேயிலைக்காரர்கள். ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேணும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தக் கூடாது. கீரை அதற்குத் துணை, மாற்று அல்ல. குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம்.

“காணி நமக்குச் சொந்தமில்லையே!”

இதைச் சொல்லாத லயம் இல்லை. நியாயமான கவலைதான். 7 பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர், காத்திருப்பவர்கள் அதிகம். ஆனால் கீரை ஆறு கிழமைப் பயிர். அதற்கு உறுதிப்பத்திரம் தேவையில்லை. வல்லாரைக் கொடியையும் ரோசாத் தண்டையும் எந்த வீட்டுக்கும் கொண்டு போகலாம். இடமே இல்லையென்றால் பழைய அரிசிச் சாக்கில் மண் நிரப்பி வையுங்கள். பெரிய மரம் வைப்பதானால் மட்டும் தோட்டக் காரியாலயத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அண்ணன்மார், தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற அம்மாவின் தலையில் இந்த வேலையையும் கட்டாதீர்கள். பாத்தி கொத்துவது உங்கள் வேலை. தண்ணி ஊற்றுவது பிள்ளைகளின் வேலை.

அண்மையில் அந்த வாசல் பக்கம் மறுபடியும் போனேன். ரோசாவும் ஹைட்ரேஞ்சியாவும் அப்படியே நிற்கின்றன. ஊமத்தை இருந்த மூலையில் சவ்சவ் பந்தல். அடுப்படி ஓரம் பச்சைப் பசேலென்று பொன்னாங்காணி. “ரெண்டு தரம் வெட்டிட்டோம் ஐயா” என்றார் அந்த அம்மா. பக்கத்துக் காம்பராவுக்கும் தண்டு கொடுத்திருக்கிறார்.

உங்களுக்கும் தண்டு வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள்.