கேட்காமலே வந்த போர்!

குட்டீஸ், தீபாவளி அன்று பக்கத்து வீட்டில் அணுகுண்டு வெடித்தால் என்ன செய்வீர்கள்? சட்டென்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்வீர்கள், இல்லையா? சிவகாசியில் செய்த அந்த வெடியின் சத்தம் ஒரு நொடியில் அடங்கிவிடும். ஆனால், உலகப் போர் என்னும் வெடி அப்படி அல்ல. யாரோ சிலர் கொளுத்திப் போட, சம்பந்தமே இல்லாத நாடுகளும் அதில் சிக்கித் தவித்தன. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கும் விருதுநகரையும் அது விட்டுவைக்கவில்லை. எப்படி என்று பார்ப்போமா?

வழி கேட்ட படை

'நான் யார் பக்கமும் இல்லை' என்று சண்டையில் சேராமல் ஒதுங்கி நிற்கும் நாட்டை நடுநிலை நாடு என்பார்கள். ஐரோப்பாவில் இருக்கும் பெல்ஜியம் அப்படி ஒரு குட்டி நாடு. அதன் நடுநிலையைக் காப்போம் என்று 1839-ம் ஆண்டு லண்டனில் பெரிய நாடுகள் ஒப்பந்தமே போட்டிருந்தன.

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. பிரான்ஸ் நாட்டைத் தாக்க ஜெர்மனி புறப்பட்டது. ஆனால், பிரான்ஸின் எல்லையில் பலமான கோட்டைகள் இருந்தன. பெல்ஜியம் வழியாகச் சுற்றிப் போனால் சுலபம். ஆகஸ்ட் 2-ம் தேதி மாலை, ஜெர்மனி பெல்ஜியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தது. தன் படைக்கு வழி விட வேண்டும், 12 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

வழிதானே, விட்டால் என்ன என்று தோன்றுகிறதா? ஒருவர் அடிக்கப் போகும்போது கதவைத் திறந்துவிட்டால், நாமும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்? பெல்ஜியம் மன்னர் ஆல்பர்ட்டும் அமைச்சர்களும் இரவோடு இரவாகக் கூடிப் பேசி, முடியாது என்று பதில் அனுப்பினார்கள். ஆகஸ்ட் 4-ம் தேதி ஜெர்மனி படை உள்ளே நுழைந்தது. ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி, அன்றே பிரிட்டனும் போரில் குதித்தது.

அப்போது இந்தியாவை ஆண்டது யார்? பிரிட்டன்தான். அதனால் இந்தியாவும் போரில் இழுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மனி கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த மாதமே இந்திய வீரர்கள் பெல்ஜியத்தின் குளிரில் நின்று போரிட்டார்கள்.

ஓர் அறிவிப்பில் முடிந்தது

25 ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போர் வந்தது. 1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி, இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். காந்திஜியையும் கேட்கவில்லை, நேருவையும் கேட்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மாகாண அரசுகளையும் கேட்கவில்லை.

ஹிட்லரின் கொடுமையை நம் தலைவர்களும் வெறுத்தார்கள். ஆனால், ஐரோப்பாவின் சுதந்திரத்துக்காகப் போரிடச் சொல்கிறவர்கள், இந்தியாவுக்குச் சுதந்திரம் தர மறுத்தது என்ன நியாயம்? அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில், சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை பதவி விலகியது.

மாட்டேன் என்ற விருதுநகர்க்காரர்

போர் நடத்தப் பணம் வேண்டுமே! சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் ஊர் ஊராக யுத்த நிதி திரட்டினார். 'நிதி கொடுக்காதீர்கள்' என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர்தான் விருதுநகரில் பிறந்த காமராஜர்! 1940-ம் ஆண்டு அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தார்.

அந்த ஆண்டு காந்திஜி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கினார். அதில் கலந்துகொள்ள இருந்தவர்களின் பட்டியலுக்கு அனுமதி வாங்க, டிசம்பர் மாதம் காமராஜர் வார்தாவுக்குக் கிளம்பினார். வழியில், குண்டூரிலேயே அவரைக் கைது செய்து வேலூர் சிறையில் அடைத்தார்கள். அவர் கையில் துப்பாக்கி இல்லை. யுத்த நிதிக்கு எதிராகப் பேசியதுதான் குற்றம்!

விருதுநகர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிறையில் இருந்த அவரையே தங்கள் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1941-ம் ஆண்டு நவம்பரில் விடுதலையான காமராஜர், பிறகு அந்தப் பதவியிலிருந்து விலகிவிட்டார். முழுமையாகக் கவனிக்க முடியாத பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

போர் நிற்கவில்லை. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அங்கிருந்த தமிழர்கள் பலர் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். பர்மா அரிசி வருவதும் நின்றது. போர் முடிவதற்குள் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் சுமார் 87 ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள்.

பெல்ஜியத்திடம் ஒரு கடிதமாவது வந்தது. முடியாது என்று சொல்ல அதற்கு உரிமை இருந்தது. அடிமை இந்தியாவுக்கு அந்தக் கடிதம்கூட வரவில்லை. 'நான் யார் பக்கமும் இல்லை' என்று சொல்வதற்கும் முதலில் சுதந்திரம் வேண்டும், குட்டீஸ்! சுதந்திரம் பெற்ற இந்தியா அணிசேராக் கொள்கையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதா, வேண்டாமா என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும் அல்லவா?

காமராஜர் வாழ்ந்த வீடு இன்று விருதுநகரில் நினைவு இல்லமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், அப்பா அம்மாவோடு அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.

இவர்களும் சிக்கினார்கள்!

* நார்வே, டென்மார்க்: நடுநிலை நாடுகளான இவற்றை 1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மனி தாக்கியது.

* பெல்ஜியம்: மறுபடியும் நடுநிலை, மறுபடியும் தாக்குதல்! 1940 மே 10-ல் நெதர்லாந்து, லக்ஸம்பர்க் நாடுகளோடு சேர்ந்து இதுவும் மாட்டிக்கொண்டது.

* அமெரிக்கா: 1941 டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு வீசியதும் போரில் இறங்கியது.