உங்களுக்குத் தெரியுமா? கப்பல் விருந்துக்குத் தனிக் கட்டணம் புதிதல்ல

சொகுசுக் கப்பலில் டிக்கெட்டோடு சாப்பாடும் சேர்ந்தே வருகிறது. அப்படியிருக்க, ஐந்தாறு சுற்று உணவும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொருத்தமான ஒயினும் பரிமாறும் தனி உணவகத்துக்கு மறுபடி பணம் கேட்பது இந்தக் காலத்து வசூல் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1905இலேயே ஜெர்மனியின் ‘அமெரிக்கா’ கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் கட்டண உணவகம் இருந்தது. 1912இல் டைட்டானிக்கில் லூயிஜி காட்டி நடத்திய உணவகமும் அப்படித்தான். முதல் வகுப்புக்கென்று பெரிய உணவுக்கூடம் இருந்தும் செல்வந்தர்கள் இந்த உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். காரணம் எளிது. பெருங்கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் சமைக்கும் அடுக்களையால் ஒரு மேசைக்கென்று தட்டை அலங்கரிக்க முடியாது. கடல் மீனுக்கு வெள்ளை ஒயின், மாட்டிறைச்சிக்குச் சிவப்பு, கடைசி இனிப்புக்கு இனிப்பு ஒயின் என்று சுற்றுக்கொரு கோப்பை மாற்றவும் ஆள் போதாது.

ஆனால் டைட்டானிக்கில் எல்லா வேளையும் அந்த உணவகத்திலேயே சாப்பிட முன்பதிவு செய்தவருக்குப் பயணக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, இன்று அது இல்லையே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். சாப்பிடாத பொதுச் சாப்பாட்டுக்கும் இன்றைய பயணி பணம் கட்டுகிறார். ஆகவே தனிக் கட்டணம் தவறல்ல; தள்ளுபடி தராததே குறை. ஒயின் குடிக்காதவர்கள், ஒயின் இல்லாத விலை தனியாக உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.