பெட்டி போனால் ஏடும் போகுமா?

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் நகருக்கு 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. அதன் மேல்தளத்தில் ஒரே அளவுள்ள 58 உலோகப் பெட்டிகள் இருந்தன. லாரித் தொழிலில் இருந்த மால்கம் மக்லீன் என்பவர் செய்த ஏற்பாடு அது. பெட்டிக்குள் இருப்பது துணியா, இயந்திரமா என்று பாரந்தூக்கி அறிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு சரியாக இருந்தால் போதும். இன்று சாலைகளில் நாம் காணும் கன்டெய்னர்கள், அதாவது கொள்கலன்கள், இவ்வாறு பரவியவையே.

கணிப்பொறி உலகிலும் இதே பெயரில் ஒரு முறை உண்டு. ஒரு நிரல் ஓட வேண்டுமானால் நிரல் மட்டும் போதாது. துணைக் கோப்புகள் பல வேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும், எழுதியவரின் கணிப்பொறியில் நன்றாக ஓடிய நிரல் வேறிடத்தில் ஓட மறுக்கும். ஆகவே நிரலையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டிவிடுகிறார்கள். இப்பொதியை 'இமேஜ்' என்பர். அதை ஓடவிட்டால் கிடைப்பதுதான் கொள்கலன். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'டாக்கர்' என்னும் மென்பொருள் இம்முறையை எங்கும் பரப்பியது. ஒரே கணிப்பொறியில் பல கொள்கலன்கள் ஓடலாம். ஒவ்வொன்றும் தான் மட்டுமே அங்கு இருப்பதாக எண்ணிக்கொண்டு ஓடும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு பள்ளி நூலகத்தின் வழங்கல் ஏட்டைக் கொள்கலனில் ஓடும் நிரல் ஒன்று கவனித்து வருவதாகக் கொள்வோம். யார் எந்த நூலை எடுத்தார், என்று திருப்பினார் என்பதையெல்லாம் அது ஒரு கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?

தேசப்படம் ஒன்றின் மேல் கண்ணாடித்தாளை விரித்து, தாளின் மேல் மையால் கோடு போடுங்கள். பார்ப்பவருக்குப் படமும் கோடும் ஒன்றாகவே தெரியும். ஆனால் படத்தின்மேல் ஒரு துளி மையும் படவில்லை. கொள்கலனும் இவ்வாறே அமைந்தது. அடியில் உள்ள பொதியின் அடுக்குகளைப் படிக்கலாம், எழுத முடியாது. எழுதுவன யாவும் மேலே உள்ள ஒரு மெல்லிய அடுக்கில் சேரும். அடியில் உள்ள கோப்பு ஒன்றைத் திருத்த நேர்ந்தால், முதலில் அந்தக் கோப்பு முழுவதும் மேலடுக்குக்கு நகலாகும். பிறகே திருத்தம் நடக்கும். இதனால் ஒரே பொதியிலிருந்து நூறு கொள்கலன்களை ஓட்டினாலும் அடியடுக்குகள் ஒருமுறைதான் வட்டில் இடம் பிடிக்கும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் கொள்கலனை நீக்கும்போது கண்ணாடித்தாளும் கிழித்தெறியப்படும். நூலக ஏடும் அத்தோடு போயிற்று!

கொள்கலனை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கலாம். கொள்கலன்களை யாரும் பழுது பார்ப்பதில்லை. நிரலின் புதிய பதிப்பு வந்தால் பழைய கொள்கலனை எறிந்துவிட்டுப் புதியதை ஓட்டுவதே வழக்கம். நீக்குவது அதன் அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி.

எனவே ஏட்டைப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். அவ்வாறு வெளியே உள்ள சேமிப்பிடத்துக்கு 'வால்யூம்' என்று பெயர். இயற்பியல் பாடத்தில் வரும் கனஅளவு அன்று இது. 1960களின் பெரிய கணிப்பொறிகளில் ஒரு நாடாச் சுருளையோ கழற்றி மாட்டும் வட்டுத் தொகுதியையோ வால்யூம் என்றார்கள். வேலைக்கேற்ற சுருளை ஊழியர் எடுத்து வந்து பொறியில் மாட்டுவார். சுருள் போய்விட்டது, சொல் நிலைத்துவிட்டது. இன்றும் வால்யூமைக் கொள்கலனில் 'மாட்டுகிறோம்' என்றே சொல்கிறார்கள்.

டாக்கரில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பெயரிட்ட வால்யூம். இடத்தை டாக்கரே ஒதுக்கிப் பேணும். கொள்கலனை நீக்கினாலும் இது இருக்கும். புதிய கொள்கலனில் அதே பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ளலாம். நூலக ஏட்டுக்கு ஏற்றது இதுவே. இரண்டாவது, கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள ஓர் அடைவைக் கொள்கலனுக்குள் தெரியும்படி செய்வது. நிரல் எழுதிக்கொண்டிருப்பவருக்கு இது மிக வசதி. திருத்தியது உடனே உள்ளே தெரியும். ஆனால் அடைவின் முகவரி கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறுமாதலால் கொள்கலனின் பெரிய நன்மையே குறைந்துவிடும். மூன்றாவது நினைவகத்தில் இடம் ஒதுக்குவது. கொள்கலன் நின்றதும் அது மறையும். மறைய வேண்டிய தற்காலிகக் கோப்புகளுக்கு அது போதும்.

பெயரிடுவதில் சோம்பல் கூடாது. போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களின் பொதிகள், நாம் கேட்காவிட்டாலும் தாமாகவே ஒரு வால்யூமை உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு 64 இலக்கக் குறியீடு ஒன்றுதான் பெயர். அடுத்த கொள்கலன் தனக்கென்று வேறொரு புதிய வால்யூமை உண்டாக்கிக்கொள்ளும். பழைய தரவு வட்டில்தான் கிடக்கும்; ஆனால் திறந்து பார்த்தால் ஏடு காலி! கேட்பாரற்றுக் கிடக்கும் அந்த வால்யூமை யாராவது 'குப்பை' என்று துடைத்துவிட்டால் கதை முடிந்தது.

அடுத்து வேகம். வட்டின் வேகத்தை விளம்பரங்களில் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று போடுவார்கள். தரவுத்தளத்துக்கு அதைவிட முக்கியமானது காத்திருக்கும் நேரம். மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாதிருக்க, ஒவ்வொரு பதிவும் வட்டை அடைந்த பிறகே 'எழுதியாயிற்று' என்று தரவுத்தளம் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு நொடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் எழுதுமுனையின் கீழ் வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்து 10 மில்லிநொடி என்று வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 100 பதிவுகள்தாம். சுழலும் பாகமில்லாத திண்மநிலை வட்டுக்கு இத்தொல்லை இல்லை.

வால்யூம் வேறு கணிப்பொறியிலும் இருக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வட்டு 1000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர மட்டும் 10 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே வட்டு அருகில் இருப்பது நல்லது. மறுபுறம், அருகிலுள்ள வட்டையே நம்பினால் அந்தக் கணிப்பொறி பழுதாகும் நாளில் ஏடும் அதனோடு சிக்கிக்கொள்ளும். வலையமைப்பில் உள்ள வட்டாயின் வேறொரு கணிப்பொறியில் மாட்டி வேலையைத் தொடரலாம். எதை விட்டு எதைப் பெறுவது என்பது வேலையைப் பொறுத்தது.

ஒரே வால்யூமில் இரு கொள்கலன்கள் எழுதலாமா? படங்களைச் சேர்த்துவைக்கும் அடைவு என்றால் பெரும்பாலும் தடையில்லை. தரவுத்தளம் என்றால் கூடவே கூடாது. இருவர் ஒரே பக்கத்தில் ஒருவரையொருவர் அறியாமல் எழுதினால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். போஸ்ட்கிரஸ் தன் அடைவில் ஒரு பூட்டுக் கோப்பை வைத்து இதைத் தடுக்க முயல்கிறது. எனினும் தனித்தனிக் கொள்கலன்களில் ஓடும்போது அந்தக் காவலை முழுதும் நம்ப முடியாது. பல கணிப்பொறிகளில் கொள்கலன்களை மேய்க்கும் 'குபர்நெட்டிஸ்' என்னும் மென்பொருளில் 'ஒருமுறை எழுத' என்று ஒரு நிபந்தனை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஒரு கணிப்பொறி என்றே பொருள்படும்; அந்த ஒரு கணிப்பொறிக்குள் இரு கொள்கலன்கள் எழுதத் தடையில்லை. உண்மையிலேயே ஒன்றுக்கு மட்டும் இடம் தரும் நிபந்தனை பின்னால் சேர்க்கப்பட்டு 2023இல் நிலைபெற்றது.

இன்னொன்று: வால்யூம் வேறு, நகல் வேறு. தவறான ஆணையிட்டால் வால்யூமில் உள்ளதும் அழியும். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் நிறுவனத்தில், மென்பொருள் எழுதுவோர் பலர் பயன்படுத்தும் தளத்தின் தரவுத்தள அடைவை ஊழியர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மிஞ்சியது. நகலெடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும் அவை சரியாக நடந்துவரவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கைகொடுத்தது, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக எடுத்து வைத்திருந்த நகல். அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்த தரவுத்தளப் பதிவுகள் திரும்பவில்லை.