தீர்ப்பிடுவதா, இரங்குவதா?

குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்கிவிட்டால், பேரருவியின் கீழ் நிற்பவரிடம் எவரும் சாதி கேட்பதில்லை. ஆனால், அதே தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், தின்பண்டம் வாங்கச் சென்ற பட்டியலினச் சிறுவர்களை 'ஊர்க் கட்டுப்பாடு' எனக் கூறிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அக்காணொலி பரவியபின் கைது நடவடிக்கை தொடர்ந்தது. கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது.

ஊர்க் கட்டுப்பாடு என்பதும் ஒரு தீர்ப்புதான். பெரியவர்களின் பழைய மோதலுக்காக, குற்றமேதும் அறியாத சிறுவர்கள்மீது விதிக்கப்பட்ட தீர்ப்பு அது.

இத்தகைய தீர்ப்பு மனப்பான்மையைக் கிறித்தவம் எவ்வாறு பார்க்கிறது? யோவான் நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில், ஒரு பெண்ணைக் கல்லெறிந்து கொல்லக் கூட்டம் கூடுகிறது. குற்றமற்றவர் முதற்கல்லை எறியட்டும் என்கிறார் இயேசு. கூட்டம் கலைகிறது. அவரும் அப்பெண்ணைத் தண்டிக்கவில்லை. அதேவேளையில், இனிப் பாவம் செய்யாதே என்று அறிவுறுத்துகிறார். தவற்றைத் தவறு என்று சொல்லியும் தவறியவரைக் கைவிடாதிருப்பதே இங்குக் காணப்படும் இரக்கம்.

இப்போதனையைத் திருச்சபையே எப்போதும் கடைப்பிடித்ததில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதற்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் இரு பிரிவாகத் தேவாலயம் எழுப்பப்பட்டது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கவுசானல் அடிகளார் அத்தடுப்பை அகற்றினார். எதிர்த்தோர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரக்கம் நீதியைத் தளர்த்திவிடாதா என்ற ஐயம் எழலாம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்தார். தண்டனையைச் சட்டத்தின் பொறுப்பில் விட்டார். தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். வழக்கும் நின்றுவிடவில்லை; குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். மன்னிப்பு அவருடையதாகவும் தண்டனை அரசினுடையதாகவும் இருந்தன.

பாஞ்சாகுளத்துக்கும் இவ்விரண்டும் தேவை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தளராது செயல்பட வேண்டும். ஆனால், மறுநாளும் அதே தெருவில்தான் இரு தரப்பாரும் வாழ வேண்டும். அங்கே முதற்படி எடுத்து வைக்க வேண்டியவர்கள், திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள் அல்லர், கட்டுப்பாடு விதித்தவர்களே. பாதிக்கப்பட்டவரிடம் பொறுமையை மட்டும் போதிப்பது இரக்கமாகாது.