அம்மப்பாவின் அல்பம்

களத்தில் மாய்ந்தோர்க்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் பொறித்தனர் பண்டைத் தமிழர். உயிருடன் மீண்டோர்க்கு எஞ்சுவது யாது? என் அம்மப்பாவுக்கு எஞ்சியது, கறுத்தத் தாள்களாலான ஓர் அல்பம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது (1939–1945) இலங்கையிற் கட்டாய இராணுவ சேவை இருந்ததில்லை, விரும்பியோரே சென்றனர். விருப்பமோ வறுமையோ என்பது வேறு கேள்வி. பிரித்தானியப் படையின் பயனியர் பிரிவிற் சேர்ந்த இலங்கையர் எகிப்து முதலிய தேசங்களிற் பணிசெய்தனர். துவக்கேந்திப் பொருதலன்று அவர்தம் தலையாய வேலை. தெரு அமைத்தலும், சரக்கேற்றி இறக்கலும், பண்டசாலை காத்தலுமே. 1942இல் எல் அலமெயினில் வென்ற தளபதி மொன்கொமரியை நூல்கள் பேசும். அவர் படைக்குப் பெட்டி சுமந்தவனை எந்நூல் பேசும்?

கூர்நுதிக் கோபுரத்தின் முன் ஒட்டகத்தின்மேல் அம்மப்பா; கெய்ரோத் தெருவில் தோழர் மூவருடன் அம்மப்பா; சுயெசுக் கால்வாய்க் கரையில் அம்மப்பா. ஒரு படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியுள்ளார்: “மழை கண்டு எட்டு மாதம்.” குளத்து நீரை நம்பி விதைக்கும் வன்னியான் பாலைவனத்தில் வேறென்ன எழுதுவான்?

கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் வழக்கன்று என்பது தொல்காப்பியர் கூற்று. அம்மம்மாவும் ஊரிலேயே இருந்தார். ஆனால், 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீழ்ந்தது. வவுனியாவிலும் விமானத்தளம் எழுந்தது. போரைத் தேடிப் போனவரின் வீட்டு வாயிலுக்கே போர் வந்துவிட்டது.

அல்பத்தின் நடுப்பக்கத்தில் படமில்லை. படத்தைப் பிடித்திருந்த நான்கு முக்கோண மூலைகள் மட்டும் உள. அம்மப்பா சீருடையிற் தனித்து நின்ற படம் அது. நம் நாட்டு யுத்தகாலத்தில், சோதனை செய்வோர் எகிப்தென்றும் பழைய காலமென்றும் விளக்கம் கேட்டுக்கொண்டிரார் என அஞ்சி, அம்மா அதனை அடுப்பில் இட்டார். எஞ்சியவற்றைச் சேலையிற் சுற்றி, 2009இல் முள்ளிவாய்க்கால் வரையும், பின் செட்டிகுளம் முகாமிற்கும் சுமந்தார். நகைப்பெட்டி வழியிற் போயிற்று, அல்பம் போகவில்லை.

சென்ற மாதம் என் மாணவர் சிலர் அதனைப் பார்த்தனர். வெறும் மூலைகளைச் சுட்டி, “இதில் என்ன இருந்தது, ஐயா?” என்றாள் ஒருத்தி. யான் அப்படத்தைக் கூர்ந்து பார்த்து வைத்தவனல்லன். அம்மாவைக் கேட்டேன்.

“இடக்காலிலை சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துபோய்க் கிடக்கும், தம்பி. அதைச் சொல்லிச் சொல்லி அம்மம்மா சிரிப்பா.”