மலைப்பிரசங்கமும் வாக்குச்சீட்டும்

அமெரிக்காவில் ஒரு போதகர் மலைப்பிரசங்கத்தை விளக்குகிறார். அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொல்லும் போதனை அது. ஆராதனை முடிந்ததும் சபையார் ஒருவர் வந்து, "இந்த இடதுசாரிப் பேச்சை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்கிறார். இயேசு சொன்னது என்றாலும், அதெல்லாம் இனி எடுபடாது என்கிறார். போதகர்கள் பலர் இப்படித் தன்னிடம் சொன்னதாக 2023இல் தெரிவித்தவர் ரஸ்ஸல் மூர். தெற்கு பாப்டிஸ்ட் சபையில் முக்கியப் பொறுப்பு வகித்து, டிரம்பை விமர்சித்து, 2021இல் வெளியேறியவர்.

போதனைக்கும் கட்சி அரசியலுக்கும் இடையிலான இந்தப் பிளவின் வேர் பழையது. 1979இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ வலதுசாரி அமைப்பைத் தொடங்கினார். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய பாப்டிஸ்டான அதிபர் ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே அந்த இயக்கம் ரீகன் பக்கம் நின்றது. அன்றே பக்தியைவிடக் கட்சி முந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

2016இல் வெள்ளையின சுவிசேஷகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். கருக்கலைப்புக்கு எதிரான நீதிபதிகள் வேண்டும் என்பது பலரின் கணக்கு. 2022இல் அது பலித்தது: கருக்கலைப்புக்கான அரசியல் சட்ட உரிமையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்தக் கட்சி சார்பின் விலை குடும்பங்களுக்குள்ளும் தெரிந்தது. பிரபல சுவிசேஷகர் பில்லி கிரஹாம் நிறுவிய 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகை, டிரம்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டுமென 2019 டிசம்பரில் தலையங்கம் எழுதியது. அதைக் கண்டித்த கிரஹாமின் மகன் ஃபிராங்க்ளின், தன் தந்தை டிரம்புக்குத்தான் வாக்களித்தார் என்று பகிரங்கமாக அறிவித்தார். பில்லி கிரஹாம் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.